சீஸ் ஆன ஹெரால்டு: ஒரு சென்னைக் காரும் அதை ஓட வைக்கும் பட்டறைத் தொழிலும்

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கார் நிறுவனம் 1948-இல் உருவானது. சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்), இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இதைத் தொடங்கியது. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் எழுந்த அதன் தொழிற்சாலையில் முதலில் ஸ்டாண்டர்டு வான்கார்டு வண்டிகள் பூட்டப்பட்டன. 1950-களின் நடுவில் சிறிய ஸ்டாண்டர்டு டென் வந்தது. 1961-இல் ஹெரால்டு வந்தது. சென்னை மண்ணில் தயாரான கார் என்று இரண்டு தலைமுறை பெருமையோடு சொல்லிக்கொண்டது இந்த ஹெரால்டைத்தான்.

அன்றைய சட்டதிட்டமும் இந்தக் காரின் கதையில் சேர்த்தி. உதிரிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் வேண்டும் என்று 1953-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அந்தத் திட்டம் இல்லாத ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற கம்பெனிகள் வெளியேறின. கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று கார் தயாரிப்பாளர்கள் மூவரே மிஞ்சினர். புதுக்கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கையிலிருக்கும் வண்டியை எப்பாடு பட்டாவது ஓட வைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. தமிழ்நாட்டின் எஞ்சின் பட்டறைகள் தேர்ச்சி பெற்றது இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான்.

ஹெரால்டின் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகலோட்டி. அக்காலத்துப் புதிய கார்கள் பலவற்றில் உடலே சட்டமாகவும் இருக்க, இதற்குத் தனிச் சேஸிஸ். அதன்மேல் உடல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். பானெட் இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். கவிழ்த்துவிட்டால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கைவைக்கலாம். மெக்கானிக்குகளுக்கு இதைவிட வசதியான கார் அந்தக் காலத்தில் இல்லை. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் என்பது ஓட்டுநர்களிடம் அது வாங்கிய நல்ல பெயர். பின்சக்கர ஸ்விங் ஆக்ஸில் அமைப்பு மட்டும் இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. 1972-இல் அதன் வாரிசாக வந்த கெஸல் காரில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸிலையே வைத்தார்கள்.

எஞ்சின் 948 சி.சி., நான்கு சிலிண்டர், போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிஸ்டன்கள் அலுமினியம். பிரிட்டனில் இதே குடும்ப எஞ்சின் 1147, 1296 என்று வளர்ந்து கடைசியில் 1493 சி.சி. வரை போனது, இந்திய ஹெரால்டு கடைசிவரை 948-லேயே நின்றது. வான்கார்டின் 2088 சி.சி. எஞ்சினில் சிலிண்டர்கள் வெட் லைனர்கள், அதாவது பிளாக்கிலிருந்து கழற்றி மாற்றக்கூடிய தனிக் குழாய்கள். அந்த எஞ்சின் எத்தனை மோசமாகப் பிடித்துக்கொண்டாலும் லைனரையும் பிஸ்டனையும் சேர்த்தே வெளியே எடுத்துவிட வழியுண்டு. ஹெரால்டில் சிலிண்டர் பிளாக்கோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அதில் பிஸ்டன் இறுகினால் அங்கேயே வைத்துத்தான் விடுவிக்க வேண்டும்.

ஹெரால்டுகள் கொட்டகைக்குப் போன காலம் பெரும்பாலும் 1970-களின் பிற்பகுதியும் 1980-களும். 1973-க்குப் பின் பெட்ரோல் விலை ஏறியது. கெஸல் 1977-இல் நின்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து சிறு கார் என்றால் இதுதான் என்று ஆக்கியது. பெருங்களத்தூர் தொழிற்சாலை 1985-இல் ரோவர் உடலோடு ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை இறக்கிப் பார்த்தது. கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்கள் எதிர்பார்த்த வேகமும் சிக்கனமும் அதில் இல்லை, 1988-இல் உற்பத்தி நின்றது. இந்த ஆண்டுகளில் பம்ப் கெட்டாலும் கிளட்ச் தேய்ந்தாலும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஹெரால்டுகள் ஓரங்கட்டப்பட்டன. அந்த அப்புறம் பல வீடுகளில் இருபது, முப்பது ஆண்டுகளாக நீண்டது.

நிறுத்திய வண்டியின் எஞ்சின் ஏன் இறுகுகிறது, பட்டறை மொழியில் ஏன் சீஸ் ஆகிறது என்பதற்கு விடை அது எந்த நிலையில் நின்றது என்பதில் இருக்கிறது. ஹெரால்டின் ஃபயரிங் வரிசை 1-3-4-2. நின்ற நேரத்தில் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருந்தால் இரண்டாவது பவர் ஸ்ட்ரோக்கில் இருக்கும். பொதுவாக இரண்டிலும் வால்வுகள் மூடியிருக்கும். மூன்றாவது காற்றிழுக்கும் ஸ்ட்ரோக்கில் இன்லெட் வால்வைத் திறந்தபடியும், நான்காவது எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்தபடியும் நிற்கும். கார்புரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் ஈரக்காற்று போய்ச் சேர்வது இந்த இரண்டு சிலிண்டர்களுக்குத்தான். சுவரில் ஒட்டியிருந்த ஆயில் படலம் சில மாதங்களில் வடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு பூச்சுத் துருவைச் சேர்க்கும். கடலோர ஊர் என்றால் உப்பும் கூடும். வார்ப்பிரும்பு ரிங்கும் வார்ப்பிரும்புச் சுவரும் தொட்டிருக்கும் கோட்டில் துரு பிடித்து இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு சிலிண்டர்கள் கரி படிந்து, ஆனால் வழவழப்பாக இருக்கும். பக்கத்து இரண்டில் பிஸ்டனைச் சுற்றி செம்பழுப்பு வளையம் ஓடும், சுவர் சொரசொரத்திருக்கும். நான்கும் ஒரே நாளில் நின்றவை, ஒரே கொட்டகையில் இருந்தவை.

ஓட்டத்தில் ஆயில் வற்றியோ சூடேறியோ பிடித்துக்கொண்ட எஞ்சின் வேறு வகை. அதில் அலுமினியம் உருகிச் சுவரில் இழுபட்டிருக்கும், பேரிங் ஓடிப்போயிருக்கும். கொட்டகையில் இறுகியது அப்படிச் சேதப்பட்டதல்ல. நிறுத்திய அன்று ஓடிய எஞ்சின் அது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அதைக் கிளப்ப வந்தவரின் அவசரம்தான். டாப் கியரில் போட்டு லாரியில் கயிறு கட்டி இழுப்பது பழைய காலத்துப் பழக்கம். இறுகிய ரிங் அசையாது. பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும் அல்லது கனெக்டிங் ராடு வளையும். வால்வு அதன் கைடில் ஒட்டியிருந்தால் புஷ்ராடு வளையும். சும்மா நின்ற முப்பது ஆண்டு செய்யாத சேதத்தை அந்த ஒரு இழுப்பு செய்துவிடும்.

நல்ல பட்டறையில் வேலை அசைப்பதில் தொடங்குவதில்லை. பேட்டரியைக்கூட இணைக்காமல் நான்கு பிளக்குகளையும் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார்கள். பிறகு பிளக் ஓட்டை வழியாக ஊறல் ஊற்றுவார்கள். டீசல், மண்ணெண்ணெய், பிரேக் ஆயில் என்று ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கலவை உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது இப்போது உலகெங்கும் புழங்குவது. எதை ஊற்றினாலும் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். இடையிடையே கிராங்க் புல்லி நட்டில் நீண்ட பாரைப் போட்டு இரு பக்கமும் மிதமாக அழுத்திப் பார்ப்பார்கள். ஒரு பக்கமாகவே பலம் கொடுக்கக் கூடாது. மயிரிழை அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட ஊறல் ரிங்குகளுக்கு இடையே இறங்கும். இந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. வாடிக்கையாளர் தினமும் வந்து நின்றாலும் பாரில் கூடுதலாக ஒரு முழம் குழாயைச் செருகாத மெக்கானிக்கை நம்பி எந்தப் பழைய வண்டியையும் கொடுக்கலாம்.

அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். அதுவும் எளிதல்ல. பிளாக்கிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஸ்டட்கள் ஹெட்டின் துளைகளில் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அவற்றுக்கும் ஊறல் வேண்டும், இதமான சூடு வேண்டும். ஹெட் வந்தபின் சிலிண்டரில் நேரடியாக ஊறல் நிரப்பி, பிஸ்டன் தலையில் கெட்டியான மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டுவார்கள். மேல்நோக்கி எடுப்பதற்கு முன், போரின் விளிம்பில் ரிங் தொடாத இடத்தில் படிந்திருக்கும் மேட்டையும் துருவையும் சுரண்டி எடுக்க வேண்டும். இல்லையென்றால் மேல் ரிங் அதில் மாட்டி பிஸ்டனையும் உடைக்கும்.

இதற்கு மேல் வேலை லேத் பட்டறையுடையது. உரிமத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கார் எஞ்சினுக்கு ஆயுளில் இரண்டு மூன்று முறை ரீபோர் செய்வது வழக்கமாக இருந்தது. அந்தக் கைத்தேர்ச்சி இன்றும் தொடர்கிறது. போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று அளப்பார்கள், குறுக்கும் நெடுக்குமாக. தேய்மானம் மேலே அதிகம், கீழே குறைவு. துரு தின்ற குழி ஆழமில்லை என்றால் ஹோனிங்கில் போய்விடும். இருந்தால் 20 தவ், 30 தவ் என்று அடுத்த ஓவர்சைஸுக்குப் பெரிதாக்க வேண்டும். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் கைக்கு வந்தபின்தான் போரை வெட்டுவார்கள், வந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்ப. ரிங்கைப் போரில் செருகி அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்ப்பார்கள். ஓர் அங்குல விட்டத்துக்கு மூன்று நான்கு தவ் என்பது பழைய கணக்கு. ஏற்கெனவே எல்லை வரை ரீபோர் செய்த பிளாக் என்றால் ஸ்லீவ் இறக்கி மறுபடி 63 மில்லிமீட்டருக்கே கொண்டுவருவார்கள்.

பிஸ்டனும் வால்வும் கிடைத்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. சிம்சன் குழுமத்தின் அனந்தராமகிருஷ்ணன் முனைப்பில் 1949-இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் வந்தது. 1959-இல் ரானே எஞ்சின் வால்வ்ஸ், 1961-இல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்., அடுத்த ஆண்டு பிரேக்ஸ் இந்தியா என்று உதிரித் தொழில்கள் வரிசையாக எழுந்தன. பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களுக்கு வேண்டிய பிஸ்டனும் டைனமோவும் பிரேக் சிலிண்டரும் சென்னையிலேயே தயாராயின. கார் கம்பெனி மூடிய பின்னும் பழைய சரக்கு ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், கழற்றிய பாகங்கள் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைத்தன. ஹெரால்டை விட்டுவிடாமல் வைத்திருந்தவர்களுக்கு இந்த இரண்டு இடங்களும் செய்த உதவி பெரிது.

எஞ்சினைச் சேர்த்துப் பூட்டினாலும் வண்டி தயாரென்று சொல்ல முடியாது. கிளட்ச் பிளேட் பிளைவீலோடு ஒட்டியிருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும். ஓடிய காலத்தில் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேட்டருக்கு ஊற்றியிருப்பார்கள்; அதன் உப்பும் துருச் சேறும் நான்காவது சிலிண்டரைச் சுற்றிக் கெட்டிப்பட்டிருக்கும், கோர் பிளக்கைத் தட்டி எடுத்துக் கம்பியால் குத்தித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகியிருக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸ்களும் டயஃப்ரமும் தாங்காது. அதைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்ற வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றது. ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாமல் வார்ப்பிரும்பு ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் தேயும் என்பதால், ஹெட் கையில் இருக்கும்போதே கடின உலோகச் சீட்டுகளைப் பதித்துவிடுவது நல்லது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலை மேலேற்ற வேண்டும். ஹெரால்டில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டே ஆயில் பம்பையும் ஓட்டுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் பல்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, பம்ப் தண்டை டிரில் மெஷினால் சுற்றினால் எஞ்சின் அசையாமலே பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேரும். இல்லையென்றால் பிளக்குகள் இல்லாமல் ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஆயில் பிரஷர் ஏறிய பின்தான் பற்றவைக்க வேண்டும். புது ரிங்குகள் படிய முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, ஆயிலைச் சீக்கிரமே மாற்றுவார்கள்.

சொந்த எஞ்சினையே மீட்பதற்கு இப்போது சட்டப்படியும் ஒரு காரணம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிக நோக்கமில்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் சேரும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எல்லா ஹெரால்டுகளும், 1970-களின் முதல் பாதியில் வந்த கெஸல்களும் இந்த வயதைத் தாண்டிவிட்டன. முன்பு பல பழைய கார்களில் செய்ததுபோல டீசல் எஞ்சினைத் தூக்கிவைத்த வண்டிக்கு இந்தத் தகுதி கேள்விக்குரியது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' எழுத்துகள் வரும், பத்தாண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். இப்படிப் பதிவான வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார்ப் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்புக்குக் கொண்டுபோவது ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் அனுமதி.