மாடுலர் சமையலறையின் ஆயுட்காலம்

மாடுலர் சமையலறை என்பது, தொழிற்சாலையிலோ தச்சுப் பட்டறையிலோ குறித்த அளவுகளில் செய்யப்பட்ட பெட்டிகள், கதவுகள், இழுப்பறைகள் ஆகியவற்றைச் சுவரோடும் அடுப்பு மேடையோடும் சேர்த்துப் பொருத்தி அமைக்கப்படும் சமையலறை ஆகும். பேச்சு வழக்கில் இது மாடுலர் கிச்சன் எனப்படுகின்றது. பொருத்திய நாள் முதல் மாற்றியே ஆக வேண்டிய நிலை வரும் வரையுள்ள காலம் இதன் ஆயுட்காலம் ஆகும்.

இந்த ஆயுளை ஒரே எண்ணால் குறிப்பிட இயலாது. ஒரே சமையலறையில் உள்ள கருங்கல் மேடை வீடு உள்ளவரை நிலைக்கக்கூடும். சிங்க் தொட்டியின் கீழுள்ள பலகைப் பெட்டி சில ஆண்டுகளிலேயே ஊறிப் போகலாம். பெரும்பாலும் கதவின் நிறமோ வடிவமோ அன்றி, பெட்டிகளின் உடற்பலகை நீரை எவ்வளவு காலம் தாங்குகின்றது என்பதே முழுச் சமையலறையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றது.

வரலாறு

பொருத்தி அமைக்கப்படும் சமையலறைகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிகொட்ஸ்கி 1926 ஆம் ஆண்டில் வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை ஆகும். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட இச்சமையலறை, செருமனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புத் திட்டங்களில் சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பது இதில் ஆராய்ந்து முடிவு செய்யப்பட்டிருந்தது. மாவு வைக்கும் இழுப்பறைகள் புழு அணுகாதிருக்க ஓக் மரத்தாலும், வெட்டும் பலகைகள் கறையையும் கத்தி வெட்டையும் தாங்கும் பீச் மரத்தாலும் செய்யப்பட்டன. இடத்துக்கேற்ற பொருளைத் தெரிவு செய்தல் என்ற இக்கோட்பாடு, ஆயுட்காலத்தைப் பொறுத்தவரை இன்றும் முதன்மையானது.

தமிழ்நாட்டுச் சமையலறையும் கலசப்பாக்கம் பகுதியும்

கலசப்பாக்கம், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையை அடுத்த சமவெளியில் செய்யாற்றங்கரையில் அமைந்துள்ள ஊராகும். இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகின்றது. கடுங்கோடையில் மரப்பலகை உலர்ந்து சுருங்குவதும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஈரம் ஏறி விரிவதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. எனவே, குளிர்ந்த உலர் நாடுகளில் கணக்கிடப்பட்ட ஆயுளை இங்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

இத்தகைய ஊர்களின் பழைய அடுக்களையில் தரையோடு ஒட்டிய மண் அடுப்பே இருந்தது. அடுப்பில் வெடிப்பு கண்டால் களிமண் பூசிச் சாணத்தால் மெழுகுவர். பொங்கலுக்கு முன்பு சுவருக்கு வெள்ளையடித்து, போகியன்று பயனற்றவற்றைக் கழித்து, புதுப் பானை வாங்குவது வழக்கம். அச்சமையலறைக்கு முடிவான ஆயுள் என்று ஒன்று இல்லை. அது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புதுப்பிக்கப்பட்டது. பழுது எங்கு இருந்தாலும் கண்ணில் பட்டது.

எரிவாயு அடுப்பு பரவியபோது சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. 2006 இல் பொறுப்பேற்ற தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியதும், 2016 மே மாதம் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் உஜ்வலா திட்டமும் இம்மாற்றத்தை ஊர்ப்புறங்களில் விரைவுபடுத்தின. மேடை வந்தபின் அதன் கீழுள்ள இடத்தைப் பயன்படுத்தக் கடப்பாக்கல் தட்டுகள் அமைக்கப்பட்டன. அத்தட்டுகளின் இடத்தையே பின்னாளில் மாடுலர் பெட்டிகள் பிடித்தன. கல் தட்டு திறந்த நிலையில் இருந்ததால் கசிவு உடனே தெரிந்தது. மாடுலர் பெட்டியின் கதவோ கசிவையும் சேர்த்தே மறைத்துவிடுகின்றது.

உறுப்புகளும் அவற்றின் ஆயுளும்

மேடைக்கல்: கருங்கல் எனப்படும் கிரானைட், அன்றாடச் சமையலில் பயன்படும் புளி, எலுமிச்சை ஆகியவற்றின் அமிலத்தை நன்கு தாங்கும். ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா பகுதியிலிருந்து வரும் கடப்பாக்கல் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் ஆகும். ஆதலால் அமிலம் பட்ட இடத்தில் அதன் மெருகு போய்விடும். மேடையை விடத் தட்டுகளுக்கே இது ஏற்றது.

உடற்பலகை: மலிவான பெட்டிகள் துகள் பலகையாலும் எம்.டி.எஃப். பலகையாலும் செய்யப்படுகின்றன. மரத்துகளையும் மர நாரையும் பசையிட்டு அழுத்திச் செய்யப்படும் இவ்வகைப் பலகைகளின் விளிம்பில் நீர் புகுந்தால் அவை உப்பிவிடும். உலர்ந்தபின் பழைய தடிமனுக்கும் வலிமைக்கும் அவை திரும்புவதில்லை. பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையில் எம்.ஆர். வகை ஈரப்பதத்தை மட்டுமே ஓரளவு தாங்கும். இதில் பொதுவாக யூரியா-பார்மால்டிகைட் பசை பயன்படுகின்றது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 710 இன் கீழ் வரும் மரைன் ஒட்டுப்பலகையில் பீனால்-பார்மால்டிகைட் பசை பயன்படுகின்றது. கொதிநீரில் 72 மணி நேரம் வைத்தபின்னும் இதன் அடுக்குகள் பிரியாதிருக்க வேண்டும். பி.வி.சி., அலுமினியம், துருவேறா எஃகு, ஃபெரோசிமென்ட் ஆகியவற்றாலும் பெட்டிகள் செய்யப்படுகின்றன. இவை நீரால் ஊறுவதில்லை. எனினும் பி.வி.சி. அடுப்பின் வெப்பத்தில் நெளியக்கூடியது.

மேற்பூச்சும் விளிம்புப் பட்டையும்: பலகையின் முகத்தில் ஒட்டப்படும் மைகா எனும் லேமினேட் கீறலையும் கறையையும் தாங்கும். நீர் உட்புகுவது பெரும்பாலும் விளிம்பு வழியாகவே. ஆதலால் விளிம்புப் பட்டை பிரிந்த நாளே பலகை சிதையத் தொடங்கும் நாள் எனலாம்.

கீலும் சேனலும்: இவை தேயும் உறுப்புகள். எடுத்துக்காட்டாக, 80,000 முறை திறந்து மூடுவதைத் தாங்கும் ஒரு கீலைக் கொள்வோம். நாளொன்றுக்கு 20 முறை திறக்கப்படும் கதவில் அது 4,000 நாட்கள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டுகள் உழைக்கும். நாளுக்கு 5 முறை மட்டும் திறக்கப்படும் கதவில் அதே கீல் 40 ஆண்டுகளைக் கடக்கும். எனவே ஒரு கீல் தேய்ந்ததைக் கொண்டு அனைத்தையும் மாற்றத் தேவையில்லை.

எரிவாயுக் குழாய்: சுரக்‌ஷா வகை ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என எண்ணெய் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. பெட்டிக்குப் பின்னால் மறைந்து செல்லும் குழாய் மறக்கப்படுவதற்கு வாய்ப்பு அதிகம். சமையலறையில் தவறாது நாட்குறித்து மாற்ற வேண்டிய உறுப்பு இதுவே.

சிதைவின் காரணங்கள்

நீர்: சிங்க்கின் கழிவுக்குழாய் இணைப்பில் துளித்துளியாகக் கசியும் நீரே பெட்டிகளின் முதல் எதிரி. தமிழ்நாட்டில் சமையலறைத் தரையை நீர் ஊற்றிக் கழுவும் வழக்கமும் உண்டு. பெட்டியின் அடிப்பலகை தரையைத் தொட்டால் அந்நீரை உறிஞ்சும்.

நீராவியும் எண்ணெய்ப் புகையும்: சோறு வடிக்கும்போதும் இட்லி அவிக்கும்போதும் எழும் ஆவி மேற்பெட்டிகளின் அடியில் படிகின்றது. தாளிப்பின் எண்ணெய்ப் புகை அதனோடு சேர்ந்து பிசுக்காகி, கீல்களை இறுக்குகின்றது.

கரையான்: இது தரையிலிருந்து சுவர் வெடிப்பு வழியாக ஏறிப் பலகையை உள்ளிருந்து அரிக்கும். நீரைத் தாங்கும் பசை கரையானைத் தடுக்காது. மரத்துக்குத் தனியே காப்பு மருந்து ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கட்டடங்களுக்கான கரையான் தடுப்பு முறைகளை ஐ.எஸ். 6313 தர நிர்ணயம் விளக்குகின்றது.

சுமை: அரிசி மூட்டை, எவர்சில்வர் பாத்திரங்கள், மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவை பெருஞ்சுமைகள். இருமுனைகளில் மட்டும் தாங்கப்பட்ட தட்டின் நீளத்தை இருமடங்காக்கினால், அதே நெருக்கத்தில் பொருட்களை அடுக்கும்போது நடுத்தொய்வு 16 மடங்காகும். நீண்ட தட்டின் நடுவில் ஒரு தாங்கி வைப்பது, பலகையைத் தடிமனாக்குவதை விடச் சிக்கனமானது.

வெளியிடப்பட்ட மதிப்பீடுகள்

அமெரிக்காவின் தேசிய வீடு கட்டுநர் சங்கம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சமையலறைப் பெட்டிகளுக்கு 50 ஆண்டுகள் வரையும், குழாய்களுக்கு 15 ஆண்டுகளும், இயற்கைக் கல்மேடைக்கு வாழ்நாள் முழுவதும் என மதிப்பிட்டது. இந்தியாவின் நிறுவனங்கள் சட்டம் 2013, கணக்கியலுக்காகப் பொதுவான அறைகலன்களுக்கும் பொருத்துகளுக்கும் 10 ஆண்டுகள் பயன்காலம் எனக் கொள்கின்றது. இவ்விரு எண்களும் வெவ்வேறு நோக்கத்துக்கானவை. கணக்கேட்டில் மதிப்பிழந்த பெட்டி சமையலறையில் உறுதியாக நிற்கலாம். 50 ஆண்டு நிற்கக்கூடிய வகைப் பெட்டியும் ஒரு கசிவால் ஐந்தாண்டில் அழியலாம்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

மாடுலர் சமையலறை, பல குடும்பங்கள் வீட்டுக்கடனின் ஒரு பகுதியைச் செலவிட்டு அமைப்பது. கடன் முடியும் முன்பே அதனை முழுவதும் பெயர்த்தெடுப்பது பெரும் இழப்பு. ஆகவே முடிவெடுக்கும் முன் பெட்டிகளின் உடற்பலகையைச் சோதித்தல் வேண்டும்.

பின்வரும் குறைகளுக்குப் பழுது பார்த்தலே போதுமானது:
* கதவு தொங்குதல், கீல் அல்லது சேனல் தேய்தல்
* மைகா நிறம் மங்குதல், விளிம்புப் பட்டை பிரிதல்
* சிங்க்கின் கீழுள்ள ஒரு பெட்டி மட்டும் ஊறியிருத்தல்

பின்வருவன மாற்றத்தின் தேவையைக் காட்டுவன:
* பல பெட்டிகளின் அடிப்பலகை உப்பி, அழுத்தினால் உதிர்தல்
* திருகாணிகள் பிடிப்பின்றிக் கழன்று வருதல்
* சுவரில் மாட்டிய மேற்பெட்டி சுவரை விட்டு விலகுதல்
* கரையான் பல பெட்டிகளில் பரவியிருத்தல்

மேற்பெட்டி விலகுவது உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியது. அதிலுள்ள பாத்திரங்களை உடனே இறக்கிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஓர் இடைவழியும் கையாளப்படுகின்றது. இதில் உடற்பகுதி கடப்பாக்கல்லாலோ ஃபெரோசிமென்ட்டாலோ கட்டப்பட்டு, முகப்பில் மட்டும் கதவுகளும் கூடைகளும் பொருத்தப்படும். பின்னாளில் கதவு பழுதானாலும் உடல் அப்படியே இருக்கும். தச்சர் ஒருவரே அளவெடுத்துப் புதிய கதவு மாட்டிவிடலாம். ஆனால் கட்டிய தட்டுகளின் அளவை எளிதில் மாற்ற இயலாது.

பராமரிப்பு

* பெட்டிகளைத் தரையிலிருந்து சுமார் 10 செ.மீ. உயரமுள்ள கால்களின் மேல் நிறுத்துதல்.
* சிங்க்கின் கீழ் மாதம் ஒருமுறை கையால் தடவி ஈரம் பார்த்தல்.
* மேடைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சிலிக்கோன் பூச்சு பிரிந்தால் உடனே புதுப்பித்தல்.
* மழைக்காலத்தில் கதவுகளை அவ்வப்போது திறந்துவைத்துக் காற்றாட விடுதல்.
* எரிவாயு உருளையை மூடிய பெட்டிக்குள் வைக்காதிருத்தல். எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் பெட்டியின் அடியில் தேங்கும்.

உத்தரவாதம்

விற்பனையாளர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். கீலுக்கு நீண்ட உத்தரவாதமும், நீரால் ஊறும் பலகைக்கு விலக்கும் இருக்கலாம். எனவே பலகையின் வகை, ஐ.எஸ். எண், தடிமன் ஆகியவற்றை விலைப்பட்டியலில் எழுதி வாங்குதல் நன்று. பொருளிலோ வேலையிலோ குறை இருப்பின், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். குறைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையீடு செய்யப்பட வேண்டும். கசிவும் ஊறலும் கதவுக்குப் பின்னால் மறைந்திருப்பதால், பொருத்திய முதல் இரு மழைக்காலங்களிலும் பெட்டிகளின் உட்புறத்தை நன்கு சோதிப்பது இவ்வகையிலும் பயன் தரும்.