புரை முற்றும்வரை

பார்வை மங்கி வந்த முதியவரிடம் "புரை இன்னும் முற்றவில்லை, முற்றியதும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது தமிழகத்தில் நெடுங்காலம் இருந்த வழக்கம். இன்று அது அறியாமையாகத் தோன்றலாம். அன்றைய அறுவை முறைகளைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஊசியால் புரையை விலக்கும் சிகிச்சையைச் சுஸ்ருத சம்ஹிதை பேசுகிறது. பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்ற கண் வைத்தியர்களும் வெளுத்த விழிவில்லையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளினார்கள். வெளிச்சம் உடனே தெரியும். வைத்தியர் அடுத்த ஊருக்குப் போன பிறகு கண் சீழ்பிடிக்கும், அல்லது அழுத்தம் ஏறிப் பார்வை அடியோடு போகும். 1819இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனைக்கு இப்படிக் கெட்ட கண்களோடு பலர் வந்தனர். அங்கே பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட் இந்தச் சேதங்களை ஆராய்ந்து தனி நூலே எழுதினார்.

வில்லையை வெளியே எடுக்கும் முறையை பிரான்சின் ஜாக் டேவியல் 1747இல் தொடங்கினார். அதிலும் முற்றாத புரை கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு எஞ்சும். எஞ்சியது வீக்கம் தரும். முற்றிய புரையோ சுத்தமாக வெளியே வரும். வில்லை போன கண்ணுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி வேண்டும். அது உருவங்களைப் பெரிதாக்கிக் காட்டுவதால், நன்றாகத் தெரியும் மறு கண்ணோடு ஒத்துப்போகாது. இரு கண்ணும் மங்கும்வரை பொறுத்திருப்பதே அன்று நியாயமாக இருந்தது.

1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் மலிவாக வில்லை தயாரிக்கத் தொடங்கியதும் ஏழைகளுக்கும் அது எட்டியது. காத்திருக்க வேண்டிய காரணம் அத்துடன் போயிற்று. முற்றவிட்ட புரை வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் காத்திருப்பே ஆபத்தாயிற்று.

இந்த வழக்கத்தின் பெருந்தீங்கு வேறிடத்தில் இருந்தது. எல்லா மங்கலும் புரை அல்ல. கண் நீர் அழுத்த நோய் ஓசையின்றிப் பக்கப் பார்வையைத் தின்னும், போனது திரும்பாது. அதற்காக வெண்விழியின் விளிம்பில் துளையிடும் சிகிச்சையை எலியட் 1909இல் சென்னையிலேயே உருவாக்கியிருந்தார். ஆனால் புரைதானே என்று வீட்டில் காத்திருந்தவரை அந்தச் சிகிச்சை எட்டவில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போதும் இதே கதைதான்.

மெல்ல மங்கினால் சில வாரங்களுக்குள் கண்ணைக் காட்டலாம். திடீரென மங்கினாலோ, கடும் வலியோடு கண் சிவந்தாலோ, மின்னல் வெட்டித் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, மங்கலோடு பேச்சு குழறி ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.