அவரவர் வீட்டுக்கு எதிரே

(வானொலி அருளுரை)



வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது நம்மிடம் ஆசி கேட்டார். ஆப்பிரிக்க நாடு ஒன்றில், ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடம் கட்டப் போகும் தன்னார்வத் தொண்டர்களோடு இரண்டு வாரம் தங்கி வேலை செய்ய அவருக்கு ஆசை. மனம் நிறைந்து ஆசி அளித்தோம். கூடவே, "போகுமுன் நெகேமியா நூலை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள், தம்பி" என்றும் சொன்னோம்.

ஏன் நெகேமியா? அவரும் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருந்தவர். பாரசீக அரசருக்குப் பானம் பரிமாறும் பொறுப்பு அவருடையது. எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அழுதார், நோன்பிருந்தார், அரசரிடம் விடுப்பும் மரமும் கேட்டுப் பெற்றுப் புறப்பட்டார். வந்து சேர்ந்ததும் அவர் செய்த முதல் வேலையைக் கவனியுங்கள். மூன்று நாள் தங்கினார். பிறகு யாரிடமும் சொல்லாமல், சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு இரவில் மதிலைச் சுற்றிப் பார்த்தார். எங்கே இடிந்திருக்கிறது, எங்கே வழி அடைபட்டிருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகே ஊராரைக் கூட்டிப் பேசினார். கட்டியவர்கள் ஊர் மக்கள். குருக்கள் கட்டினார்கள், பொற்கொல்லர்கள் கட்டினார்கள், சல்லூமின் புதல்வியரும் கட்டினார்கள். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். 52 நாளில் வேலை முடிந்தது.

இந்த வரலாறு நம் மண்ணிலும் நடந்திருக்கிறது.

கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைத் தாண்டி நாம் நாள்தோறும் போகிறோம். அது 1937-ஆம் ஆண்டில்தான் சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. அதன் வேர் இன்னும் 100 ஆண்டு பழையது. செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோனியாரைத் தேடி நாம் போகிறோமே, அதே ஆர்மேனியன் தெருவில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் என்ற இளம் போதகர் 1837-இல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குலத்துச் சிறுவர்கள் பள்ளியில் சேர்ந்திருப்பது தெரிந்ததும், அவர்களை வெளியேற்ற வேண்டும், இல்லையேல் தனியாக உட்கார வைக்க வேண்டும் என்று மற்றப் பெற்றோர் நெருக்கினார்கள். ஆண்டர்சன் இசையவில்லை. மாணவர்கள் பெருந்தொகையாகப் பள்ளியை விட்டு விலகினார்கள். வகுப்பறை காலியானாலும் அந்தச் சிறுவர்களின் இடம் காலியாகவில்லை.

ஆண்டர்சன் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் உண்டு. சில நாள் தங்கிப் போக வந்தவராக இருந்திருந்தால் இந்தச் சோதனையை அவர் சந்தித்திருக்கவே மாட்டார். கட்டடம் எழுப்புவது எளிது. அதற்குள் யார் யாரோடு ஒரே பலகையில் உட்காருவார்கள் என்ற கேள்வி பிறகுதான் எழும். அந்த நேரத்தில் அங்கே நிற்க ஓர் ஆள் வேண்டும். அவர் நின்றார். 1855-இல் இந்தச் சென்னை மண்ணிலேயே உயிர் நீத்தார்.

இனி, வெளியாள் எவரும் வராமலே எழுந்த பள்ளிகளைப் பார்ப்போம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். ஊர்தோறும் பள்ளி திறக்கப்பட்டது. ஆனால் பல இடங்களில் கூரை ஒழுகியது. பலகை இல்லை, குடிநீர்ப் பானைகூட இல்லை. அரசின் கருவூலம் எல்லாவற்றுக்கும் போதவில்லை. அப்போது பிறந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் நடந்தது. பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியலை ஊரார் முன் வைத்தார்கள். ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் சுவர் எழுப்பினார். மேசை நாற்காலி, கடிகாரம், நிலப்படம், கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று அவரவரால் முடிந்ததைக் கொண்டுவந்தார்கள். இந்த இயக்கம் தமிழ்நாடெங்கும் பரவியது. நம் தாத்தா பாட்டி படித்த பள்ளிகளில் எத்தனையோ இப்படி எழுந்தவைதாம். இரவில் மதிலைச் சுற்றிப் பார்த்த நெகேமியாவின் வழிதான் இதுவும்: முதலில் பார், பிறகு கேள், பிறகு ஊரோடு சேர்ந்து கட்டு.

அயல்நாட்டிலிருந்து வந்தும் இந்த வழியை அறிந்திருந்தவர் ஒருவர் நம் திருச்சபையில் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த தெ லா சால் சபை அருட்சகோதரர் ஜேம்ஸ் கிம்ப்டன். பள்ளி ஆசிரியப் பணிக்கென்றே தோன்றிய சபை அது. 1952-இல் அவர் இலங்கைக்கு வந்தார். 1964-இல் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஊர் திரும்பி ஓய்ந்துவிடாமல் தமிழ்நாட்டுக்கு வந்தார். பிறகு கொடைக்கானல் மலையடிவாரத்தில் ஜி. கல்லுப்பட்டியை மையமாக வைத்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லங்களும் ஏழைகளுக்கு வீடுகளும் கிணறுகளும் பள்ளிகளும் உண்டாக்கினார். பள்ளி வேலையோடு கிணறு ஏன் என்று கேட்கலாம். காலையில் இரண்டு கல் தொலைவு தண்ணீருக்கு நடக்கும் சிறுமி மணி அடிக்கும்போது வகுப்பில் இருக்க மாட்டாள். ஊரில் வாழ்ந்து பார்த்தவருக்குத்தான் இது தெரியும். 2017-இல் கண் மூடும்வரை அவர் பணி இம்மண்ணிலேயே இருந்தது.

இவர்களைப் பற்றிப் பேசிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு குழுவாக, வண்டலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் போனோம். ஒரே சனிக்கிழமையில் சுவருக்கு வண்ணம் பூசினோம். பணம் திரட்டிக் கழிப்பறையும் கட்டிக் கொடுத்தோம். நிழற்படம் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத் திரும்பினோம். அடுத்த ஆண்டு போனபோது கழிப்பறை பூட்டிக் கிடந்தது. குழாயில் தண்ணீர் வர வழி இல்லை. அதை நாம் கேட்கவே இல்லை. "ஐயா, நீங்க கட்டும்போது எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கிணத்துப் பக்கமா கட்டச் சொல்லியிருப்போம்" என்றார் அங்கே சமைக்கும் அம்மா. அவர் கோபப்படவில்லை. அதுதான் நமக்கு அதிகம் வலித்தது.

ஆகவே, வெளிநாடு போக விரும்பும் இளைஞரைத் தடுக்க நாம் இதைச் சொல்லவில்லை. அன்று யாரோ கடல் தாண்டி வந்ததால்தான் நம் முன்னோரில் பலருக்கு எழுத்துத் தெரிந்தது. அந்தக் கடனை இன்னொரு நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருப்பித் தருவது அழகான செயல். ஆனால் போகிற இடத்தில் நாம் நெகேமியாவாக இருக்க வேண்டும். அந்த ஊர் கொத்தனாரின் வேலையை நாம் பறித்துக்கொள்ளக் கூடாது. அவருக்குத் துணையாகச் செங்கல் எடுத்துக் கொடுக்கலாம். நாம் திரும்பிய பிறகு அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் வருவாரா, தண்ணீர் வருமா, ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டா என்று கேட்காமல் முதல் கல்லை வைக்கக் கூடாது.

போக வசதி இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. நெகேமியா நூல் ஓர் ஊராரைப் பற்றி ஒரு குறையையும் எழுதி வைத்திருக்கிறது. தெக்கோவா ஊர் மக்கள் உழைத்தார்கள். அவ்வூர்ப் பெரியவர்களோ தோள் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியலில் நம் பெயர் எந்தப் பக்கம் இருக்கும்? நம் தெருமுனையில் ஓர் அரசுப் பள்ளி உண்டு. நம் பிள்ளைகள் அங்கே படிக்காததால் அதன் உள்ளே நாம் எட்டிப் பார்த்ததே இல்லை. அதுவும் நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் மதில்தான்.

மதில் முடிந்த பிறகு எருசலேமில் நடந்ததையும் மறக்க வேண்டாம். ஆண்களும் பெண்களும், புரிந்துகொள்ளக்கூடிய அனைவரும் தண்ணீர் வாயில் எதிரே கூடினார்கள். எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல்வரை திருநூலை வாசித்தார். லேவியர் அதை விளக்கிச் சொன்னார்கள். மக்களுக்குப் புரிந்தது, அழுதார்கள், பிறகு மகிழ்ந்தார்கள். கட்டிய கல்லெல்லாம் அந்த ஒரு காலைக்காகத்தான்.

இந்த வாரம் ஒரு நாள், நம் தெருப் பள்ளியின் வாசல்வரை போய், "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டுவிட்டு வருவோம். பதிலைக் கேட்ட பிறகு செங்கல்லைப் பற்றி யோசிப்போம். இறைவன் நம் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.