விமானிகளின் வாக்கும் பத்து வருட ஒப்பந்தமும்



2024 செப்டெம்பரில் எங்கள் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எயர் கனடா ஓடுமா, ஓடாதா? லண்டன் வழியாகக் கொழும்புக்கும் சென்னைக்கும் ரிக்கற் போட்டிருந்தவர்களின் கவலை அது. 15ஆம் திகதி அதிகாலையில் உடன்பாடு வந்தது. விமானங்கள் ஓடின, அழைப்புகளும் நின்றன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. யூனியன் தலைவர்கள் ஒப்புக்கொண்ட வரைவை விமானிகள் ஒவ்வொருவரும் வாக்களித்து ஏற்க வேண்டும், அல்லது தள்ள வேண்டும். ஒக்ரோபரில் முடிவு வந்தபோது 67 வீதமானோர் 'ஆம்' என்றிருந்தார்கள். மற்றவர்கள், அதாவது மூன்றில் ஒருவர், 'இல்லை' என்றிருந்தார்கள். நான்கு வருடத்தில் மொத்தமாக ஏறக்குறைய 42 வீதச் சம்பள உயர்வு தரும் ஒப்பந்தம் அது. அதை வேண்டாம் என்று சொல்ல மனிதருக்கு என்ன வந்தது? கணக்கெழுதிச் சீவிக்கிற எனக்கு அந்த மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் தைத்தது. அதற்கு விடை வேண்டுமென்றால் பழைய பேரேடுகளைத் திறக்க வேண்டும்.

2003 ஏப்ரல் 1ஆம் திகதி எயர் கனடா கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. ரொறன்ரோவில் சார்ஸ் நோய் பரவியிருந்த காலம் அது. பலருக்கு நினைவிருக்கும். 2004 செப்டெம்பர் இறுதியில் நிறுவனம் மீண்டு வந்தது. அந்த இடைவெளியில் மற்ற ஊழியர்களைப் போலவே விமானிகளும் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்தது திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பும் அன்றே பிறந்துவிட்டது.

2011இல் நிர்வாகமும் யூனியனும் செய்த தற்காலிக உடன்பாட்டை விமானிகள் வாக்களித்துத் தள்ளினார்கள். மலிவுக் கட்டணச் சேவையொன்றைத் தனியாகத் தொடங்கும் திட்டமும் ஓய்வூதிய மாற்றமும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் வேலைநிறுத்தத்துக்கு ஆணை கொடுத்தார்கள். தொழில் அமைச்சராயிருந்த லிசா ரெய்ற் பொறுத்திருக்கவில்லை. 2012 மார்ச்சில் பாராளுமன்றம் அவசரச் சட்டம் இயற்றி, வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் தடுத்தது.

அந்தச் சட்டம் தெரிந்தெடுத்த முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண நடுவர் இரண்டு பக்கத்தையும் கேட்டு நடுவிலே ஒரு தொகையைச் சொல்வார். இங்கே அது முடியாது. இரு தரப்பும் தத்தம் கடைசி முன்மொழிவைக் கொடுக்க வேண்டும்; நடுவர் ஒன்றை முழுமையாக ஏற்று மற்றதை முழுமையாக ஒதுக்க வேண்டும். ஜூலை இறுதியில் நடுவர் நிறுவனத்தின் முன்மொழிவை ஏற்றார். 2011இல் வாக்களித்துத் தள்ளியவர்களுக்கு 2012இல் வாக்கே இல்லாமற் போயிற்று. மலிவுச் சேவையான 'ரூஜ்' 2013 ஜூலையில் பறந்தது.

இப்படிச் சூடுபட்டவர்கள் 2014 ஒக்ரோபரில் பத்து வருட ஒப்பந்தத்துக்குச் சம்மதித்ததில் வியப்பில்லை. நிறுவனத்துக்குச் செலவு முன்கூட்டியே தெரியும். வேலைநிறுத்தப் பயமில்லாமல் புதிய விமானங்கள் வாங்கலாம். விமானிகளுக்கு வேலை உறுதி. நான் அன்று ஆலோசகனாக இருந்திருந்தால் நல்ல பேரம் என்றுதான் சொல்லியிருப்பேன். பத்து வருடத்துக்கு விலையைப் பூட்டுவதன் ஆபத்து, சந்தை அசையும்போதுதான் தெரியும்.

சந்தை அசைந்தது. 2020இல் பெருந்தொற்று வந்தது; எயர் கனடா ஏறக்குறைய 20,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. அதே வருட டிசெம்பரில், களைப்பைத் தடுப்பதற்காக விமானிகளின் கடமை நேரத்தைக் குறைக்கும் புதிய விதிகள் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தன. அதே எண்ணிக்கையான பறப்புகளுக்கு இனிமேல் கூடுதலான விமானிகள் வேண்டும். 2022 கோடையில் பயணிகள் திரும்பி வந்தார்கள், ஆட்கள் போதவில்லை. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் எயர் கனடா நாளொன்றுக்கு 150க்கு மேற்பட்ட பறப்புகளைக் குறைத்தது. பியர்சனில் பொதிகள் மலையாகக் குவிந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள்.

எல்லைக்கு அப்பால் தட்டுப்பாடு இன்னும் கடுமை. 2009இல் பஃபலோ அருகே கோல்கன் எயர் விமானம் விழுந்த பின், அங்கே பயணிகள் விமானத் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்றாயிற்று. பெருந்தொற்றின்போது மூத்தவர்கள் பலர் பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். 2022இல் யுனைற்றெட் விமானிகள் முதல் வரைவைத் தூக்கியெறிந்தார்கள். 2023இல் டெல்ரா விமானிகள் 34 வீத உயர்வைப் பெற்றார்கள். யுனைற்றெட் விமானிகள் அதையும் தாண்டினார்கள். நம்மவர்கள் 2014இன் விலையிலேயே இருந்தார்கள்.

இனி என் கணக்கு. 2012இல் எயர் கனடாவில் சுமார் 3,000 விமானிகள். 2024இல் 5,000க்கு மேல். ஓய்வு பெற்றவர்களுக்குப் பதிலாக வந்தவர்களை விட்டாலும், குறைந்தது 2,000 பேர் 2014 வாக்கெடுப்பில் பங்கேற்றிருக்க முடியாது. அன்று அவர்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள்! ஆனாலும் அந்த ஒப்பந்தம் அவர்களைக் கட்டியது. அதிலே முக்கியமானது, சேர்ந்த முதல் நான்கு வருடங்களுக்கும் எந்த விமானம் ஓட்டினாலும் ஒரே குறைந்த நிலைச் சம்பளம் என்ற விதி.

விமானிகளின் உலகில் எல்லாம் சேவை மூப்புப்படிதான். எந்த விமானம், எந்தத் தடம், எந்த விடுமுறை, எல்லாமே வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதைப் பொறுத்தது. உயர்வை வீதத்தில் கொடுத்தால் மேலே இருப்பவருக்குத் தொகை பெருகும். கீழே இருப்பவருக்குக் குறைந்ததின் வீதம்தான். இளையவர்கள் நிலைச் சம்பளம் முற்றாகப் போக வேண்டும் என்றார்கள். ஒப்பந்தம் அதை இரண்டு வருடமாகக் குறைத்தது. பாதி கிடைத்தது என்பவர் 'ஆம்' என்றிருப்பார். ஆள் தட்டுப்பாடு உள்ள இந்த நேரத்தில் கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்பவர் 'இல்லை' என்றிருப்பார். அந்த இரண்டாவது வாதத்தைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தட்டுப்பாடு நீடிப்பதில்லை, 2020ஐ அவர்களும் கண்டவர்கள்தான்.

2024இல் பிரதமர் ட்ரூடோ தலையிட அவசரப்படவில்லை. அதனால்தான் வாக்கு வாக்காகவே நின்றது. அடுத்த வருடம் விமானப் பணியாளர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2025 ஓகஸ்ட் 16இல் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில மணி நேரத்தில் அரசின் உத்தரவு வந்தது. அதை மீறி நின்று உடன்பாடு பெற்றார்கள். பின்னர் அதன் சம்பளப் பகுதியை 99 வீதமானோர் நிராகரித்தார்கள்.

விமானிகளின் ஒப்பந்தக் காலம் 2027 செப்டெம்பர் 29 வரை. 2024 ஒக்ரோபருக்குப் பின் சேர்ந்தவர்கள் அதற்கடுத்த ஒப்பந்தத்துக்குத்தான் முதன்முறையாக வாக்களிப்பார்கள்.