‘எல்லாரும் நல்லா இருக்கீங்களா?’: ஒரு கார் விளம்பரம் ஊமையான கதை

80-கள்ல வந்த ஜப்பான் கார் விளம்பரங்களை யூடியூப்ல பார்க்க ஆரம்பிச்சா, அன்னைக்குத் தூக்கம் போச்சு. இசுசு ஜெமினி விளம்பரத்துல ரெண்டு கார் பாரிஸ் தெருவுல ஜோடியா நடனம் ஆடும். கிராஃபிக்ஸ் கிடையாது. பாண்ட் படங்களுக்கு ஸ்டண்ட் செய்த ரெமி ஜூலியனோட டீம் நிஜமாவே ஓட்டினது. நாம பொறக்கறதுக்கு முன்னாடி வந்த காருங்க, நாம போகாத ஊரு. ஆனாலும் ஏதோ நம்ம பழைய நினைவு மாதிரி ஒரு ஏக்கம் வருது.

அதுல ஒண்ணு மட்டும் என்னை விடவே இல்லை. 1988 செப்டம்பர்ல அறிமுகமான நிஸான் செஃபிரோ. நிலமும் பங்கும் கண்டபடி விலை ஏறின, பின்னாடி ‘பபிள்’னு பேர் வாங்கின காலம். விளம்பர வாசகம்: “சாப்பிடு, தூங்கு, விளையாடு.” குதிரைத்திறன் பத்திப் பேச்சே இல்லை! எழுதினவர் ஷிகேசாதோ இதோய். கேம் ஆடறவங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும், ‘மதர்’ கேமை உருவாக்கினவர். டிவி விளம்பரத்துல பாடகர் யோசுய் இனோவே பக்கத்து சீட்ல உட்கார்ந்து வருவார். கண்ணாடியை இறக்கி, நம்மளைப் பார்த்து, “எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”ன்னு கேட்பார். அவ்வளவுதான். கார் போயிடும்.

அதே செப்டம்பர் 19-ஆம் தேதி பேரரசர் ஹிரோஹிட்டோ ரத்த வாந்தி எடுத்துப் படுத்த படுக்கையானார். அவரோட ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் தினமும் டிவில ஓடுச்சு. ஊர்த் திருவிழாக்கள் நின்னுபோச்சு. பேஸ்பால் லீக்ல ஜெயிச்ச சூனிச்சி டிராகன்ஸ் வழக்கமான பீர் அபிஷேகத்தைக் கூட விட்டுட்டாங்க. இந்தச் சுய அடக்கத்துக்கு ‘ஜிஷுகு’ன்னு பேர். சட்டம் எதுவும் போடலை. அடுத்தவன் என்ன நினைப்பானோங்கிற பயமே போதுமா இருந்துச்சு.

இந்த நேரத்துல டிவில ஒருத்தர் வந்து “நல்லா இருக்கீங்களா?”ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா எப்படி இருக்கும்? விளம்பரத்தை நிறுத்தலை. அந்த ஒரு வரியோட சத்தத்தை மட்டும் எடுத்துட்டாங்க. இனோவே வாய் அசையுது, குரல் இல்லை. நம்ம பாஷையில சொன்னா, நேரடியா ப்ரொடக்‌ஷன்ல போட்ட ஹாட்ஃபிக்ஸ். டொயோட்டாவும் கரீனா காரோட ‘வாழும் ஆனந்தம்’ங்கிற வாசகத்தை மாத்திச்சு.

ஒரு நலம் விசாரிப்புக்கே இந்த நிலைமைன்னா, நிஜமான கேள்வி கேட்டவங்க கதி? ஹிரோஹிட்டோ 1926-லேர்ந்து அரியணையில இருந்தவர். இரண்டாம் உலகப் போர் அவர் பேர்லதான் நடந்துச்சு. டிசம்பர்ல, அணுகுண்டு விழுந்த நாகசாகியோட மேயர் ஹிதோஷி மொதோஷிமா, போருக்குப் பேரரசருக்கும் பொறுப்பு உண்டுன்னு நகர மன்றத்துலயே சொன்னார். 1990 ஜனவரியில ஒரு வலதுசாரி ஆள் அவரை முதுகுல சுட்டான். உயிர் பிழைச்சார். அந்தப் பளபளப்பான விளம்பரங்களை ‘பொற்காலம்’னு சொல்லும்போது எனக்கு இவர்தான் ஞாபகத்துக்கு வர்றார்.

1989 ஜனவரி 7-ஆம் தேதி பேரரசர் இறந்தார். ரெண்டு நாளைக்குத் தனியார் சேனல்கள்ல விளம்பரமே வரலை, எதைப் போட்டாலும் அவரைப் பத்தின நிகழ்ச்சிதான். ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? வாடகை வீடியோ கடைகளுக்குப் படையெடுத்தாங்க.