கவிதை விற்பனைக்கு இல்லை

'தீஸ்ரி கசம்' படம் இந்திப் பாடலாசிரியர் சைலேந்திராவை எப்படிச் சாய்த்தது என்று இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு முன் ஒரு பழியைத் துடைத்தாக வேண்டும். சினிமாவுக்குள் நுழைந்ததுமே அந்தப் போராட்டக் கவிஞன் செத்துப்போனான், நடிகரும் இயக்குநருமான ராஜ் கபூர் அவனை விலைக்கு வாங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பதில் சொல்லாமல் 'தீஸ்ரி கசம்' பக்கம் போவது சரியில்லை.

ராவல்பிண்டிப் பிறப்பு, மதுராவில் பட்ட வறுமை எல்லாம் பார்த்துவிட்டோம். நேரே பம்பாய்க்குப் போவோம். 1947. மாதுங்கா ரயில்வே பட்டறையில் சங்கர்தாஸ் கேசரிலால் என்ற இயற்பெயர் கொண்ட சைலேந்திரா, பீகாரைப் பூர்வீகமாகக் கொண்ட தலித் இளைஞர், வெல்டிங் பழகுகிறார். பட்டறையில் நெருப்புப் பொறி. வேலை முடிந்தால் இப்டா என்ற இடதுசாரி நாடக அமைப்பின் மேடை, தொழிற்சங்கக் கூட்டம். வேலைநிறுத்தத்தைப் பாடி அவர் எழுதிய ஒரு கவிதையின் அடி வடநாடு முழுக்கக் கோஷமாகிவிட்டது. ஆலை வாசலிலும் ஊர்வலத்திலும் இன்றைக்கும் அதைத்தான் முழங்குகிறார்கள். முழங்குகிறவர்களில் பலருக்கு எழுதியவர் பெயர் தெரியாது. ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய விருது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போது தேசப் பிரிவினையில் பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. ராவல்பிண்டியில் பிறந்தவருக்கு அது வெறும் பத்திரிகைச் செய்தியா என்ன? எரியும் பஞ்சாபைப் பற்றி எழுதி மேடையில் படித்தார். கேட்டவர்களில் ஒருவர் ராஜ் கபூர். அவருக்கும் இளவயதுதான், 'ஆக்' படத்துக்குப் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கவிதையை விலைக்குக் கேட்டார். காசுக்குக் கவிதை விற்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் சைலேந்திரா.

பிறகு மனைவி சகுந்தலா கர்ப்பமானார். பட்டறைச் சம்பளம் போதவில்லை. மறுத்த மனிதரே மகாலட்சுமியில் இருந்த ராஜ் கபூர் அலுவலகப் படியேறினார். பழைய மறுப்பை ராஜ் கபூர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. 500 ரூபாய், 'பர்சாத்' படத்துக்கு இரண்டு பாட்டு. அவற்றில் ஒன்று படத்தின் தலைப்புப் பாடல்.

இதைத்தான் சரணாகதி என்கிறார்கள். பிள்ளைத்தாச்சிக்காகக் கை நீட்டியவரைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள். பிருத்வி தியேட்டரில் தபலா வாசித்த சங்கர், ஆர்மோனியம் வாசித்த ஜெய்கிஷன், பஸ் கண்டக்டராக இருந்த ஹஸ்ரத் ஜெய்ப்புரி, நான்காவதாக ஒரு வெல்டர். 1949இல் 'பர்சாத்' வெளிவந்தபோது இந்தி சினிமாவின் பாட்டே இந்த நால்வர் கைக்கு வந்தது.

அங்கே அவர் யாருக்காக எழுதினார்? 1951இல் 'ஆவாரா'வின் நாடோடிக்கு. அந்தப் பாட்டை சோவியத் யூனியனில் தெருத்தெருவாகப் பாடினார்கள். 1953இல் 'தோ பீகா ஜமீன்'. கடனில் சிக்கிய நிலத்தை மீட்கக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்கும் குடியானவனுக்கு. 1955இல் 'ஸ்ரீ 420'இன் நடைபாதைவாசிகளுக்கு. அதே 1955இல்தான் 'ந்யோதா அவுர் சுனௌதி' என்ற அவருடைய கவிதைத் தொகுப்பும் வந்தது. செத்துப்போன கவிஞனா தொகுப்பு போடுவான்? 1963இல் முதல் போஜ்புரிப் படம் வந்தபோது பாட்டெழுதியவரும் இவர்தான். அகராதி தேவைப்படாத சொற்கள், வயல்காட்டு மெட்டுக்கு இசையும் வரிகள். கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவனுக்கும் புரிய வேண்டும் என்று தொழிற்சங்க மேடை கற்றுக்கொடுத்த பாடம் அது. பண்டிதர்கள் அதை எளிமை என்று தள்ளுவார்கள். நான் அதை அவருடைய அரசியல் என்பேன்.

ராஜ் கபூரை வில்லனாக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சைலேந்திரா சொந்தப் படம் எடுக்க முனைந்தபோது நாயகனாக நடிக்க ராஜ் கபூர் கேட்ட சம்பளம் ஒரே ஒரு ரூபாய்.

அந்தப் படம்தான் 'தீஸ்ரி கசம்'. இந்தி எழுத்தாளர் பணீஸ்வர்நாத் ரேணுவின் வண்டிக்காரன் ஹீராமன் கதை அது. முடிவு சோகம், அதை மாற்றினால் படம் ஓடும் என்றார்கள். சொன்னவர்களில் ராஜ் கபூரும் உண்டு. வண்டிக்காரனையும் நௌடங்கிக் கூத்துக்காரியையும் சேர்த்துவைத்தால் போதும், விநியோகஸ்தர்கள் வாங்கிக்கொள்வார்கள். மனைவிக்காக ஒருமுறை இறங்கிவந்த மனிதர், ரேணுவின் கதைக்காக இறங்கவில்லை. கடன் ஏறியது. 1966 டிசம்பர் 14இல் அவர் இறந்தபோது வயது 43. அன்று ராஜ் கபூரின் பிறந்த நாள்.

படம் பிறந்த விதம், விநியோகஸ்தர்கள் செய்த வேலை, அதன்பின் தேடிவந்த தேசிய விருது, எல்லாம் அடுத்த வாரம்.