நாலாவது முள்

மனிதன் முள்ளை நம்பி வாழ ஆரம்பித்து வெகு காலம் ஆகிறது. தராசு முள் ஒன்று. காந்த முள் ஒன்று. கடிகார முள் ஒன்று. தராசு முள்ளின் மேல் சந்தேகம் வந்தால் தட்டை மாற்றி நிறுத்துப் பார்க்கலாம். காந்த முள்ளின் மேல் சந்தேகம் வந்தால் துருவ நட்சத்திரத்தை அண்ணாந்து பார்க்கலாம். கடிகார முள்ளைப் பற்றிக் கவலையே இல்லை. பக்கத்து வீட்டில் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. இந்த மூன்றோடு நாலாவதாக ஒரு முள்ளும் நம் வாழ்க்கையில் வந்து சேர்ந்திருக்கிறது. மோட்டார் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று காட்டும் முள்தான் அது. இதைச் சரி பார்க்க நம்மில் பெரும்பாலோர் கண்டிருக்கும் வழி ஒன்றே ஒன்று: வண்டி நடுவழியில் நின்று போக வேண்டும்!

இந்த முள்ளின் சரித்திரத்தைச் சில நாட்களாகக் கிளறிப் பார்த்தேன். முள் சரியாகக் காட்டுவதில்லை என்பது எல்லோரும் அறிந்த விஷயம். ஆனால் பல சமயம் அது சரியாகக் காட்டக் கூடாது என்று வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்கிறது என்பதும், அதற்குக் காரணம் வஞ்சகமல்ல, ஒருவிதக் கருணை என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் முள்ளே இல்லாத காலத்துக்குப் போவோம். 1888-ம் வருஷம், ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்தில் ஒரு வீட்டில் கணவனுக்குச் சொல்லாமல் ஓர் அம்மாள் அதிகாலையில் கிளம்பினாள். கணவர் பெயர் கார்ல் பென்ஸ். மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்தவர். அம்மாள் பெயர் பெர்த்தா. 15 வயதும் 13 வயதும் உள்ள இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கணவர் செய்த மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு, சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்த போர்ஸ்ஹைம் என்னும் பிறந்த ஊருக்குப் புறப்பட்டு விட்டாள். உலகத்தில் அதுவரை யாரும் மோட்டாரில் அவ்வளவு தூரம் போனதில்லை.

அந்த வண்டியில் நாலரை லிட்டர் எண்ணெய்தான் பிடிக்கும். அளவு பார்க்க முள் கிடையாது. வழியில் பங்க் கிடையாது. அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. வீஸ்லோக் என்ற சிற்றூரில் மருந்துக் கடை ஒன்று இருந்தது. துணியில் கறை போக்குவதற்காக அங்கே விற்ற 'லிக்ராயின்' என்னும் திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊற்றினாள் அந்த அம்மாள். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக் கடை! அன்று சாயங்காலம் அவள் பிறந்த வீடு போய்ச் சேர்ந்தாள். "எண்ணெய் போதுமா?" என்ற கவலை மோட்டார் வண்டியோடு கூடவே பிறந்தது, அதன் முதல் நீண்ட பயணத்திலேயே அந்தக் கவலைதான் வழித்துணை.

இருபது வருஷம் கழித்து, 1908-ல், அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தம்முடைய 'டி' மாடல் வண்டியை வெளியிட்டார். 1927 வரையில் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார். ஆனால் பெட்ரோல் முள்ளை மட்டும் வைக்கவில்லை. டாங்க் முன் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. எண்ணெய் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் உட்கார்ந்திருப்பவர்களைக் கீழே இறக்கி, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, அளவு கீறிய மரக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை என்று பார்க்க வேண்டும். மாமியாரை அழைத்துக்கொண்டு போகும் மாப்பிள்ளைகள் இதை எத்தனை தடவை செய்திருப்பார்களோ!

குச்சி உண்மையைச் சொன்னது. ஆனால் அந்த உண்மையும் போதவில்லை. 'டி' மாடலில் பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ள பம்பு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது போலத் தானாக இறங்க வேண்டியதுதான். செங்குத்தான மலைப் பாதையில் வண்டியின் மூக்கு மேலே தூக்கிக் கொள்ளும். டாங்க்கில் எண்ணெய் குறைவாக இருந்தால், இருக்கிற எண்ணெயும் இஞ்சினுக்கு எட்டாது. ஓட்டுகிறவர் என்ன செய்தார் தெரியுமா? வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலை ஏறினார்! டாங்க்கில் இருப்பது வேறு. இஞ்சினுக்கு எட்டுவது வேறு. இந்தப் பேதத்தை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அதற்கடுத்த 'ஏ' மாடலில் ஃபோர்டு கம்பெனியார் டாங்க்கை முன் கண்ணாடிக்கு அடியில் கொண்டு வந்தார்கள். மிதவையோடு நேரே இணைந்த அளவுகோல் ஓட்டுகிறவர் கண்ணெதிரே தெரிந்தது. நடுவில் கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பத்துக் காலன் பெட்ரோல் முழங்காலுக்கு நேரே தொங்கிக் கொண்டிருந்தது! பின்னால் வந்த வண்டிகளில் டாங்க் பின்பக்கம் போயிற்று. அப்போதுதான் டாங்க்குக்கும் மனிதனுக்கும் நடுவில் தூதன் தேவைப்பட்டான். தூதன் என்று ஒருவன் வந்துவிட்டால், சேதி கொஞ்சம் மாறித்தான் வரும்.

தூதனே வேண்டாம் என்று வெகுநாள் பிடிவாதமாக இருந்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 'வண்டு' காருக்கு 1961 வரையில் பெட்ரோல் முள் கிடையாது. அதற்குப் பதில் ஓட்டுகிறவரின் காலருகே ஒரு திருகு இருந்தது. வண்டி திக்கித் திணறி இருமும். உடனே திருகைத் திருப்பினால் கடைசியாக ஒதுக்கி வைத்த சுமார் ஐந்து லிட்டர் திறந்து கொள்ளும். நம் ஊர்ப் பழைய மோட்டார் சைக்கிளிலும் பழைய ஸ்கூட்டரிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. "வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டது" என்ற வார்த்தை அதிலிருந்து பிறந்து, மாசக் கடைசியில் நம் பணப்பைக்கும் வந்து சேர்ந்தது. ரிசர்வும் தீர்ந்த பிறகு ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, நிமிர்த்தி உதைத்துப் பார்க்காத தமிழன் அந்தத் தலைமுறையில் உண்டா?

ரிசர்வ் திருகு ஒரே ஒரு வார்த்தைதான் பேசும். ஆனால் அந்த ஒரு வார்த்தை சத்தியம். அதில் ஒரே குறை, மனித சுபாவத்தில் இருந்தது. பெட்ரோல் போட்டதும் திருகை மறுபடி பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். பலர் மறந்து போவார்கள். அடுத்த தடவை வண்டி இருமும்போது, ஒதுக்கி வைத்ததும் சேர்ந்து தீர்ந்திருக்கும். அவசரத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, திரும்ப வைக்க மறந்த குடும்பஸ்தர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, முள்ளுக்கு வருவோம். டாங்க்குக்குள்ளே ஒரு மிதவை. அதைப் பிடித்திருக்கும் கை. கை ஏறி இறங்கும்போது மின்சாரத்துக்கு ஏற்படும் தடை கூடிக் குறையும். அதற்கேற்ப முள் நகரும். இவ்வளவுதான் சூட்சுமம். ஆகவே முள் காட்டுவது பெட்ரோலின் அளவை அல்ல. பெட்ரோல் நிற்கும் உயரத்தை. குடமும் அண்டாவும் ஒரே உயரமாக இருந்தாலும் ஒரே அளவு தண்ணீரா பிடிக்கின்றன? மோட்டார் டாங்க்கோ குடமும் அல்ல, அண்டாவும் அல்ல. ஆசனத்துக்கும் அச்சுக்கும் நடுவில் கிடைத்த சந்து பொந்துகளில் நுழையும்படி கோணல் மாணலாகச் செய்யப்பட்டது. பாதி உயரம் என்பது பாதி பெட்ரோல் ஆக வேண்டுமென்று கட்டாயமில்லை. மேட்டில் நின்றால் ஒரு கணக்கு, பள்ளத்தில் நின்றால் ஒரு கணக்கு.

டாங்க் ததும்ப நிரப்பினால் மிதவை மேல் விளிம்பைத் தொட்டு நின்றுவிடும். அதற்கு மேலே இருக்கும் பெட்ரோல் செலவாகும் வரையில் முள் அசையாது. "ஆகா, எவ்வளவு தூரம் வந்தும் முள் இறங்கவில்லையே!" என்று நாம் மகிழ்ந்து போவோம். பாதிக்குக் கீழே வந்ததும் அதே முள் மளமளவென்று இறங்கும். சம்பளக் கவர் இதற்கு நேர் மாறு. அது முதல் வாரத்திலேயே பாதியாகிவிடும். மீதிப் பாதிதான் மூன்று வாரம் ஊர்ந்து செல்லும்.

அடி மட்டத்தில்தான் கருணை இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் முள் 'காலி' என்று காட்டும்போது டாங்க் காலியாக இருப்பதில்லை. கொஞ்சம் பெட்ரோல் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. மனிதன் கடைசி நிமிஷம் வரை தள்ளிப் போடுவான் என்பது வண்டி செய்கிறவர்களுக்குத் தெரியும். மேலும், இந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்பு டாங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. வற்றவிட்டால் பம்பு சூடேறிக் கெடும். அதனால்தான் முன்கூட்டியே பயமுறுத்தி வைக்கிறார்கள். கஷாயம் கசக்காது என்று தாய் சொல்லும் பொய்யைப் போன்றது அது.

ஆனால் இந்தப் பொய்யிலும் ஓர் அபாயம் இருக்கிறது. பொய் என்று தெரிந்தவுடன் நாம் அதற்கும் ஒரு கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறோம். "இது காலி என்று காட்டினாலும் இன்னும் முப்பது கிலோமீட்டர் போகும்" என்று சிநேகிதர் மார் தட்டுகிறார். அவர் வண்டியில் போகலாம். நம் வண்டியில் எத்தனை லிட்டர் ஒளிந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வண்டிக்கு வண்டி அது வேறுபடும்.

இந்தக் காலத்து வண்டிகளில் முள்ளோடு ஓர் எண்ணும் வந்துவிட்டது. மீதிப் பெட்ரோலில் இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று அது பளிச்சென்று எழுதிக் காட்டுகிறது. முள்ளை விட எண்ணுக்கு மரியாதை அதிகம். ஆனால் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது? சற்று முன் வந்த தூரத்தில் கிலோமீட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் செலவாயிற்று என்று பார்த்து, அதே வீதத்தில் மீதியும் செலவாகும் என்று வகுத்துச் சொல்கிறது. போன தசையைப் பார்த்து வரும் தசைக்குப் பலன் சொல்கிற ஜோசியந்தான். மேட்டுப்பாளையம் வரையில் சமவெளியில் வந்த வண்டி ஊட்டி மலை ஏற ஆரம்பித்ததும் அந்த எண் விழுந்து கொண்டே போகும். திரும்பி இறங்கும்போது, வண்டியே பெட்ரோல் காய்ச்சுவது போல எண் ஏறும்! எண் பொய் சொல்லவில்லை. முன்னால் மலை இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.

தரையில் எண்ணெய் தீர்ந்தால் இறங்கித் தள்ளலாம். ஆகாயத்தில்?

1983-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி. ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 விமானம் மாண்ட்ரியலிலிருந்து ஆட்டவா வழியாக எட்மண்டனுக்குப் புறப்பட்டது. எண்ணெய் காட்டும் கருவி பழுதாகித் திரை வெறுமையாக இருந்தது. பரவாயில்லை என்று, விமானத்துக்கென்று உள்ள குச்சியைக் கொண்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. குச்சி உண்மைதான் சொன்னது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டும். கனடாவில் அப்போதுதான் பவுண்டு போய்க் கிலோ வந்து கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் மற்ற விமானங்களெல்லாம் பவுண்டுக் கணக்கு. பழக்க தோஷம்! 1.77-ஆல் பெருக்கினார்கள். வந்த விடை பவுண்டு. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே வேண்டியதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. விமானக் கணினியில் 22,300 என்று எழுதினார்கள். கணினியும் பறக்கப் பறக்க அதிலிருந்து கழித்து, நிறைய இருக்கிறதென்று காட்டிக் கொண்டே வந்தது. டாங்க்கை அது எட்டிப் பார்க்கவில்லை; கொடுத்த எண்ணைத்தான் திருப்பிச் சொன்னது.

41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. சற்றைக்கெல்லாம் ஒரு இஞ்சின் நின்றது. பிறகு மற்றதும் நின்றது. விமானத்தில் 69 பேர். தலைமை விமானி பாப் பியர்சன் இஞ்சினில்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப் படைத் தளத்தை அறிந்தவர். அந்த இரண்டு அறிவும் அன்று கூடின. சுமார் பதினேழு நிமிஷம் அந்தப் பெரிய விமானம் பருந்து போல் சத்தமின்றி மிதந்து வந்தது. கிம்லியின் ஓடுபாதையோ அதற்குள் கார்ப் பந்தய மைதானமாக மாறிப் போயிருந்தது. அன்று குடும்பங்கள் குழந்தைகளோடு அங்கே கூடியிருந்தன. விமானம் மூக்கால் உரசிக்கொண்டே வந்து நின்றது. ஒருவரும் சாகவில்லை. அந்த விமானம் செப்பனிடப்பட்டு 2008 வரையில் பறந்தது.

இந்தக் கதையில் குச்சி தவறவில்லை, பெருக்கலும் தவறவில்லை, கணினியும் தன் கழித்தலைச் சரியாகவே செய்தது. "இந்த எண் எதனுடைய எண்?" என்ற கேள்விக்குத்தான் பல பேர் கை மாறியும் சரியான பதில் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் முள்ளை ஏறிட்டும் பார்க்க மாட்டார். டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுப்பார். "முள்ளு கம்பெனிக்காரன் வெச்சதுங்க, குச்சி நான் வெச்சது" என்பார். அவருடைய குச்சியில் அவரே போட்ட கீறல்கள் இருந்தன. ஒவ்வொரு கீறலுக்கும் எத்தனை லிட்டர் என்று ஊற்றிப் பார்த்துப் போட்டவை.

காரில் போகிற நமக்குக் குச்சி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். டாங்க்கை நிரப்பிக் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அதே போல் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நாலைந்து தடவை செய்தால் உங்கள் வண்டியின் பசி உங்களுக்குத் தெரிந்துவிடும். முள் கால் பங்கில் நிற்கும்போது நிரப்பினால் எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்றும் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு முள் பேசும்போது அதன் பாஷை உங்களுக்குப் புரியும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 'காலி' என்று காட்டிய பிறகும் டாங்க்கில் கொஞ்சம் இருக்கும் என்று நான் எழுதியதை வைத்துக்கொண்டு யாரும் ராத்திரிப் பிரயாணம் கிளம்ப வேண்டாம். அந்தக் கொஞ்சம், அடுத்த பங்க் மூடியிருக்கிற ராத்திரிக்காக, பின் ஆசனத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிற ராத்திரிக்காக, முன்பின் அறியாத யாரோ ஒருவர் நமக்காக ஒதுக்கி வைத்தது.